முதல் சிலிண்டர்

எடுக்காதீர்கள் தம்பி. கட்டைவிரலை அப்படியே அழுத்தி வைத்திருங்கள். நுனி இல்லை, ரேகை வைக்கிற சதைப்பகுதி. பிளக் கழற்றின ஓட்டை முழுக்க மூட வேண்டும். ஆமாம், அப்படித்தான். நான் கீழே குனிந்துவிட்டால் உங்கள் முகம் எனக்குத் தெரியாது, ரேடியேட்டர் மறைத்துவிடும். அதனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். காற்று விரலைத் தள்ளினால் தள்ளுகிறது என்று சொல்லுங்கள். தள்ளாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். "ம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ம்" என்றால் எனக்கு ஒன்றும் புரியாது.

ஷாக் அடிக்காது, பயப்படாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன். நான்கு பிளக்கும் அந்த எவர்சில்வர் தட்டில் இருக்கின்றன. பிளக் இல்லாவிட்டால் என்ஜின் இளகிவிடும், என் வயதுக்காரன்கூடக் கைப்பிடியைச் சுற்றிவிடலாம். உங்கள் விரல் மட்டும் போதும்.

தெரியும். உங்கள் வேலை வண்டியை ஏற்றிக்கொண்டு போய் கோவில்பட்டிக்கு அந்தப்பக்கம் நாலுவழிச் சாலை ஹோட்டலில் இறக்குவது. காற்று பார்க்கச் சொல்லி யாரும் உங்களை அனுப்பவில்லை. ஆனால் ஆமோஸ் சொன்னது உங்களுக்கும் கேட்டது இல்லையா? என் மகன்தான், உள்ளே போனில் பேசிக்கொண்டிருக்கிறானே, அவன். "லாரிக்காரர் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கப்பா. ஓடுற வண்டின்னா இங்கயே கெடக்கட்டும். நான் பேச மாட்டேன்." அதுதான் பேச்சு. நீங்கள் டீயைக் கொஞ்சம் மெதுவாகக் குடித்திருக்கலாம். ஒரே மூச்சில் இறக்கிவிட்டீர்கள். பரவாயில்லை, டம்ளர் இன்னும் மட்கார்டு மேல்தான் இருக்கிறது. அது உள்ளே போகிற வரைக்கும் நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் கணக்கு.

பெயர் என்ன சொன்னீர்கள்? முப்புடாதி. நல்லது.

அந்த ஹோட்டல்காரர் என்ன செய்யப்போகிறார் தெரியுமா? என்ஜினைத் தூக்கி எடைக்குப் போட்டுவிட்டு, அந்தக் குழியில் மண் நிரப்பிக் குரோட்டன்ஸ் செடி வைக்கப்போகிறார். பிள்ளைகள் பானெட்டில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அந்த ஆளிடம், ஐம்பத்தெட்டாம் வருஷத்து மாரிஸ் மைனர் கார் இது, என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பிறந்தபடியே இருக்கின்றன என்றேன். "அதான் சார், முகம் நல்லா இருக்கு" என்றார். முகம்.

சுற்றுகிறேன். இருங்கள். கைப்பிடியைப் பொருத்திக்கொள்கிறேன்.

உங்களுடையது டீசல். அதில் நசுக்குகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், பிளக்கும் கிடையாது, இந்தத் தொல்லையும் கிடையாது. இது பெட்ரோல். பிஸ்டன் கீழே இறங்கும், பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும். மேலே ஏறி அதை நசுக்கும். அந்த உச்சியில் பிளக் பொறி விட வேண்டும். வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி மேலே ஏறிப் புகையை வெளியே அனுப்பும். ஆக, ஒரே வேலைக்குள் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது. ஒன்று நசுக்குகிற ஏற்றம், ஒன்று புகை ஏற்றம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இதோ என் முன்னால் சுற்றுகிற புல்லிச் சக்கரத்தில் ஒரு வெட்டு இருக்கிறது, அதற்கு எதிரே என்ஜினில் ஒரு முள் இருக்கிறது; இரண்டு தடவையும் அது அதே முள்ளுக்கு நேராகத்தான் வந்து நிற்கும். கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. விரலால்தான் முடியும். நசுக்குகிற ஏற்றத்தில் வால்வு இரண்டும் மூடியிருக்கும், காற்றுக்கு வேறு போக்கு இல்லை, உங்கள் விரலைத் தூக்கும். புகை ஏற்றத்தில் வால்வு திறந்திருக்கும். காற்று அந்த வழியே போய்விடும், விரலுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த டிஸ்ட்ரிபியூட்டரின் வட்ட மூடிக்குள்ளே ரோட்டர் என்று ஒரு சின்னக் கை சுற்றும். எந்த நம்பர் வயரைப் பார்க்கிறதோ அந்தப் பிளக்குக்குப் பொறி போகும். முதல் சிலிண்டரில் காற்று விரலைத் தூக்கும்போது அந்தக் கை ஒன்றாம் நம்பரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் ஒரு ரகசியமும் இல்லை.

ஒரு சுற்று மாறிவிட்டாலா? பொறி வரும், ஆனால் புகை போகிற நேரத்தில் வரும். என்ஜின் கார்ப்பரேட்டர் வழியாகத் தும்மும்.

ஆமாம், இது தும்முகிறது. நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். வொர்க்‌ஷாப் செல்லையாவும் வந்து பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னார். "ஒரு சுத்து மாறிக் கெடக்கு சார். வயர மாத்திப் போட்டா பொசுக்குனு எடுத்துரும்." நான் அவரைத் தொட விடவில்லை. தும்மலுக்கு ஆயிரம் காரணம் உண்டு. பொறி கொடுக்கிற காயில் மாற்றினேன். கண்டென்சர் மாற்றினேன். பாயிண்ட் மாற்றினேன். பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவினேன். கார்ப்பரேட்டரை எத்தனை தடவை பிரித்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஹெட்டைக் கழற்றி வால்வு எல்லாவற்றையும் தேய்த்து உட்கார வைத்தேன். போன கிறிஸ்துமஸிலிருந்து இதே வேலைதான். ஆமோஸ் பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் கேட்பான், "நான் வெரல் வைக்கட்டுமாப்பா?" என்று. அவனுக்கும் தெரியும் இந்த வேலை. வேண்டாம் என்றுவிடுவேன். ஒரு காகிதத்தை உருட்டி ஓட்டையில் செருகிவிட்டுச் சுற்றினால்கூடப் போதும், காற்று வந்தால் அது டப்பென்று பறக்கும். அதையும் செய்யவில்லை. எதற்குச் செய்ய வேண்டும்? சரியாக இருப்பதை எதற்குச் சரிபார்க்க வேண்டும்?

ஏன் சரியாக இருக்கிறது என்றால், விரல் வைத்தவள் ரோஸ்லின்.

என் மனைவி. அந்த ஜன்னலுக்கு உட்பக்கம்தான் கட்டில். நாம் பேசுவது கேட்கும். பக்கவாதத்தில் வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆனால் கேட்கும்.

கல்யாணமான வருஷத்திலிருந்து அவள்தான் விரல் வைப்பாள். நான் வருஷத்துக்கு ஒரு தடவை டிஸ்ட்ரிபியூட்டரை அடித்தண்டோடு வெளியே எடுத்துக் கழுவிப் போடுவேன். திரும்பப் போடும்போது இந்தக் காற்று பார்க்கிற வேலை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இதோ நீங்கள் நிற்கிற அதே இடத்தில் நிற்பாள். "வருது வருது வருது, நில்லுங்க. நில்லுங்கன்னா நிக்கணும். தாண்டிட்டீங்க. பிரேக் இல்லாத ஆளு" என்பாள். மறுபடி முதலிலிருந்து சுற்ற வைப்பாள். பிறகு கட்டைவிரலை என் முன்னால் நீட்டுவாள். சதையில் கறுப்பாக ஒரு வளையம் பதிந்திருக்கும், மோதிரத்தை வைத்து அழுத்தின மாதிரி. "இதுக்குத்தான் எங்கப்பா என்ன பி.ஏ. படிக்க வச்சாரு" என்பாள். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட அவள் தப்பாகச் சொன்னதில்லை.

முதுகு வலிக்கிறதா? இந்த ஸ்டூலை இழுத்துக்கொள்ளுங்கள். விரலை எடுக்காமல், இடது கையால்.

சுற்றுகிறேன் தம்பி. நான் பேசினால் உங்கள் விரலுக்கு என்ன? வண்டியை இழுக்கிற கயிற்றை அப்புறம் மாட்டலாம். நான் என்ன வேலை பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள்? மெக்கானிக் இல்லை. இன்சூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட வண்டியைப் பார்த்து இது எப்படி இடித்தது, எப்போது இடித்தது என்று சொல்லுகிற வேலை. எப்படி என்பது லேசு. எப்போது என்பதில்தான் எல்லாரும் பொய் சொல்வார்கள். போன வருஷத்து அடிக்குப் புதுசாகப் பாலிசி எடுத்துவிட்டு, "நேத்துதான் சார் இடிச்சுது, எம்பிள்ள மேல சத்தியம்" என்பான். நான் ஒன்றும் பேச மாட்டேன். பெயின்ட் உரிந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்ப்பேன். தகரம் பளபளவென்று இருந்தால் நேற்று. விரலில் செம்மண் மாதிரி துரு வந்தால் நேற்று இல்லை. ஒரு ஆள், உங்களை மாதிரி லாரிதான், சாத்தூர்க்காரர், என் விரலைப் பிடித்துத் துடைத்துவிடப் பார்த்தார். வேட்டியாலேயே. "பாக்காத மாதிரி இருந்துருங்க சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. துடைத்தால் மட்டும் புது அடி ஆகிவிடுமா?

அதனால்தான் சொல்கிறேன், எனக்கு நேரம் தப்பாது.

அன்றைக்கு என்ன நடந்தது என்றால், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். ஆமோஸ் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறான். வீட்டில் ரோஸ்லினுக்கு மாவு பிசைகிற வேலை, வெள்ளையடித்துச் சிந்தின தரையைத் துடைக்கிற வேலை. அந்த நேரம் பார்த்து நான் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன் என்று அவளுக்குக் கோபம். காலையில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, "ரோஸ்லின், வா, ஒரு நிமிஷ வேலை" என்று கூப்பிட்டேன். வந்தாள். ஒரு கால் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். கோபம் வந்தால் அவள் அப்படித்தான், நடையிலேயே காட்டுவாள். ஸ்பேனரை எடுத்துக் கொடு என்றேன். எடுத்தாள், கீழே போட்டாள். மறுபடி எடுத்தாள், மறுபடியும் கீழே போட்டாள். அது கால் விரலில் விழுந்திருந்தால்? நான் சத்தம் போட்டேன். விரலை வை என்றேன். இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி ஓட்டையில் வைத்தாள். என்னமோ அவள் கையை நான் இரவல் கேட்ட மாதிரி. அவ்வளவு வீம்பு.

நான் கீழே குனிந்து சுற்றினேன். வெட்டு முள்ளுக்கு நேராக வந்தது. "வருதா?" என்றேன். பேச்சு இல்லை. "ரோஸ்லின், காத்து வருதா இல்லையா, வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா போயிருவ?" என்றேன்.

"ம்" என்றாள்.

சரி என்று அந்த இடத்திலேயே கையை ஒன்றாம் நம்பருக்கு நேராக வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கினேன். அவள் போய் அந்தச் சுவரோரம் கிடந்த ஸ்டூலில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூல்தான், முகத்தை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். என்ஜின் எடுக்கவில்லை, தும்முகிறது. நான் சுற்றுகிறேன், சுற்றுகிறேன். மத்தியானத்துக்குக் கோவில் மணி அடித்தது. சமைக்க எழுந்திருக்கவில்லை. எனக்கும் வீம்பு வந்துவிட்டது. காலையில் மிஞ்சின இட்லியை நானே எடுத்துச் சாப்பிட்டேன். அவளுக்கு ஒரு தட்டில் கொண்டுவந்து மடியில் வைத்தேன். தொடவில்லை. தட்டு சரிந்து சட்னியெல்லாம் சேலையில். அதைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே செய்கிற மாதிரிதான் இருந்தது தம்பி. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் அவளோடு பேசவே இல்லை. அவளும் பேசவில்லை. இந்த இடத்துக்கும் அந்த ஸ்டூலுக்கும் என்ன தூரம்? கையை நீட்டினால் தொடலாம்.

டீ நேரத்தில் விழுந்தாள். ஸ்டூலிலிருந்து அப்படியே பக்கவாட்டில். அப்போதுதான் ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். இது ஓடினால் இதிலேயே போயிருப்பேன். ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். ஓடிவந்தாள். "எப்ப ஆரம்பிச்சுது அங்கிள்? கரெக்டா சொல்லுங்க. கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா மூளையில அடைப்பக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. நேரம் தாண்டிட்டா அதே ஊசி ஆபத்து. யோசிச்சு சொல்லுங்க." யோசிக்க என்ன இருக்கிறது? "நாலு மணி, டீ நேரம்" என்றேன். "அதுக்கு முன்னாடி எதுவும் இல்லையே? கை கால் இழுத்துக்கிட்டு, பேச்சு கொழறி?" "இல்லம்மா. கோவமா இருந்தா, அவ்வளவுதான்." "நிச்சயமா?" என்றாள் மறுபடியும். "நான் சர்வேயர்மா. நேரம் சொல்றதுதான் என் வேல" என்றேன்.

போட்டார்கள். நான் பக்கத்தில் நிற்கும்போதேதான் அந்த ஊசியைப் போட்டார்கள். நர்ஸ் அவள் கையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், கட்டைவெரல்ல கறுப்பா?" என்று பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்த்தாள். போகவில்லை. அது கார்பன், ஸ்பிரிட்டில் போகாது, மண்ணெண்ணெய் வேண்டும் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு இதைத்தான் சொல்லத் தோன்றியது.

மறுநாள் விடிவதற்குள் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. அந்த மருந்தால் சில பேருக்கு அப்படி ஆகும், நேரம் கழித்துப் போட்டால்தான் பயம், இவர்களுக்கு நேரத்துக்குள் போட்டும் ஆகிவிட்டது, யாரையும் குறை சொல்ல முடியாது என்றார்கள். அந்த டாக்டர் பெண் வராந்தாவில் நின்று அழுதாள். பாவம், சின்ன வயசு. நான்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். நீ சரியாகத்தான் செய்தாய் அம்மா என்றேன்.

இப்போது ரோஸ்லினுக்கு "ம்" மட்டும்தான். தண்ணீர் வேண்டுமா, ம். வலிக்கிறதா, ம். வலிக்கவில்லையா, அதற்கும் ம். ஆமோஸ் போய்க் காதோரம் கேட்டிருக்கிறான், "அப்பாவோட காரக் குடுத்துரலாமாம்மா?" என்று. "ம்" என்றாளாம். "அம்மாவே சரின்னுட்டாங்க" என்கிறான். அது ஒரு பதிலா? உங்களுக்குக் காட்டுகிறேன் பாருங்கள். ரோஸ்லின்! இன்றைக்கு வண்டி எடுத்துவிடுமா?

கேட்டதா? அதேதான். என்ன கேட்டாலும் அதேதான்.

சரி. சுற்றுகிறேன். அழுத்திப் பிடியுங்கள்.

வருகிறது... வெட்டு வருகிறது... இதோ, முள்ளுக்கு நேராக. என்ன? சொல்லுங்கள். இல்லையா? காற்று இல்லையா? சரி, அப்படியானால் இது புகை ஏற்றம். மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன். ரோட்டர் எந்தப் பக்கம்...

ஒன்றாம் நம்பரைப் பார்க்கிறது.

நீங்கள் விரலைச் சரியாக வைக்கவில்லை. இல்லை, வைக்கவில்லை. இடுக்கில் காற்று போயிருக்கும். உங்கள் கையில் கிரீஸ் இருக்கிறது, வழுக்கும். துடைத்துக்கொள்ளுங்கள், இந்தாருங்கள். மறுபடி வையுங்கள். முதலிலிருந்து. ஒரு சுற்று முழுக்கப் போகட்டும்.

மெதுவாகச் சுற்றுகிறேன்... இப்போது?

கத்தாதீர்கள், கேட்கிறது. "வெரலத் தூக்குது சார்." கேட்டது. வெட்டு நேராக நிற்கிறது. ரோட்டர்... நீங்களே எட்டிப் பாருங்கள். என் கண் சரியில்லை. எந்த வயருக்கு நேராக இருக்கிறது? நான்கா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், நான்கா?

மறுபடி. இன்னும் ஒரே ஒரு தடவை, கோபப்படாதீர்கள். உங்கள் முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன். உங்களுக்குப் பழக்கமில்லை, அதுதான். முதல் தடவை வைக்கிறவர்களுக்கு எல்லாமே தூக்குகிற மாதிரிதான் இருக்கும். வாருங்கள், இடம் மாறிக்கொள்வோம். நீங்கள் கைப்பிடியைப் பிடியுங்கள். உங்கள் கட்டைவிரலைக் கைப்பிடிக்கு இந்தப்பக்கமே, மற்ற விரல்களோடு வைத்துக்கொள்ளுங்கள், பிளக் இருந்தால் திருப்பி அடித்து எலும்பை முறித்துவிடும், இப்போது இல்லாவிட்டாலும் பழக்கம் அப்படி இருக்கட்டும். நான் விரல் வைக்கிறேன். இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கம் நான் நின்றதே இல்லை தெரியுமா? சுற்றுங்கள்.

இன்னும் கொஞ்சம்.

இதில் ஒன்றும் இல்லை. சும்மா இருக்கிறது. ரோட்டர் ஒன்றைப் பார்க்கிறது, விரலில் ஒன்றும் இல்லை. இதற்குத்தான் அவள்... சுற்றுங்கள். நிறுத்தாதீர்கள். இன்னும் ஒரு சுற்று.

ம்.

போதும், நிறுத்துங்கள். போதும் தம்பி. கைப்பிடியை எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு பலமாகத் தூக்குகிறது. தெரியாமல் போகாது. கையில் உணர்ச்சி இருக்கிற யாருக்கும் தெரியாமல் போகாது.

அவள் "ம்" என்றது காலைப் பலகாரம் முடிந்த நேரத்தில். மத்தியான மணிகூட அடிக்கவில்லை. நான் நாலு மணி என்றேன்.

என்ன சொல்கிறீர்கள்? ஆமாம். வயரைக் கழற்றி இரண்டு இடம் தள்ளிப் போட்டால் போதும். தெரியும். பிளக்கைப் போட்டுப் பேட்டரியைக் கொடுத்தால் முதல் இழுப்பிலேயே எடுத்துவிடும். காயில் புதுசு, பாயிண்ட் புதுசு, வால்வெல்லாம் புதுசு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எடுக்காமல் என்ன செய்யும். சந்தோஷப்படுகிறீர்கள், நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் தொடாதீர்கள். நான் சொல்கிறேன் இல்லையா, வயரைத் தொடாதீர்கள். மூடியைக் கொடுங்கள். கிளிப் போடுகிற சத்தம் கேட்கட்டும். இதோ. ஒன்று, இன்னொன்று.

பிளக்கையும் போட்டுவிடுகிறேன். மரை பிடிக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் போடுங்கள். கையாலேயே திருகுங்கள், போதும். இனி இதற்கு இறுக்கம் எதற்கு.

ஆமோஸ் வருகிறான். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்.

"இல்லடா. ஆகல. என்ஜின் போயிட்டு. ஏத்தச் சொல்லு... ஆமா, வெரல் வச்சுப் பாத்தாச்சு. அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. அம்மா வச்சது சரியாத்தான் இருக்கு. இது உள்ளுக்குள்ள எங்கேயோ போயிட்டு. நீ உள்ள போ, அம்மாகிட்ட யாரும் இல்ல பாரு. இந்த டம்ளரையும் கொண்டுபோயிரு."

போய்விட்டான். நீங்கள் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள் முப்புடாதி? கயிற்றை மாட்டுங்கள். முன் ஆக்ஸிலில் மாட்டுங்கள், பம்பரில் மாட்டினால் பெயர்ந்து வந்துவிடும். ஹேண்ட்பிரேக் எடுத்துவிட்டேன். கியர் நியூட்ரலில்தான் இருக்கிறது. ஹோட்டல்காரர் என்ஜினை எடைக்குப் போடும்போது அப்படியே முழுசாகப் போடச் சொல்லுங்கள். யாரும் பிரித்துப் பார்க்க வேண்டாம். பழைய இரும்பு, பிரித்தால் கூலிக்குக்கூடக் காணாது.

அதற்கு முன்னால் ஒரு நிமிஷம். இந்தப் பக்கம் வாருங்கள், ஜன்னலை விட்டுத் தள்ளி. அந்த டின்னில் மண்ணெண்ணெய் இருக்கிறது, துணியை நனைத்துக்கொள்கிறேன். கையை நீட்டுங்கள். அந்தக் கை இல்லை, விரல் வைத்த கை.

எடுக்காதீர்கள் தம்பி. இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது.